நிரையின் உயரம்: திருகோணமலைச் சாசனம் முதல் செல்லிடப்பேசி அட்டவணை வரை

எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் எழுத்தின் வடிவத்தையே நோக்கியுள்ளனர். எழுத்து அமர்வதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தின் வரலாறு அத்துணைக் கவனம் பெற்றதில்லை. ஒரு செய்திக்கு எவ்வளவு இடம் வேண்டும், அவ்விடத்தை அளப்பவர் யார், அளவு தவறுமிடத்து இழக்கப்படுவது யாது என்னும் வினாக்கள் கல்வெட்டுக் காலத்திலேயே எழுந்தவை. இன்று செல்லிடப்பேசிச் செயலிகளை ஆக்குவோர், அட்டவணையின் ஒவ்வொரு நிரைக்கும் உள்ளடக்கத்துக்கேற்ற உயரத்தைக் கணிக்கும்போது எதிர்கொள்வனவும் இவ்வினாக்களே. திருகோணமலைத் துறைமுக மாவட்டம் இவ்வரலாற்றை நோக்குவதற்கு மிகப் பொருத்தமான களமாகும். கல்லும் ஓலையும் கப்பற் குறிப்பேடும் அரசாங்கப் பதிவேடும் கைத்தொலைபேசியும் அங்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துள்ளன. அன்றியும், தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே படிவத்தில் அருகருகே இடம்பெற வேண்டிய மாவட்டம் அது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு எந்த ஓர் இனத்தவரும் மொத்தச் சனத்தொகையின் அரைப்பங்கினர் அல்லர்.

திருகோணமலை மாவட்டத்திற் கிடைத்த தமிழ்ச் சாசனங்களுட் பல அடிப்படையிற் பட்டியல்களே. நிலாவெளிச் சாசனம் கோணமாமலையிலிருந்த சிவாலயத்துக்கு அளிக்கப்பட்ட நிலத்தை எல்லை கூறி வரையறுக்கின்றது. பெரியகுளத்தருகே வெல்கம் விகாரையில், இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற பௌத்தப் பள்ளியிலுள்ள சாசனங்கள், நந்தாவிளக்கும் பசுக்களும் அளித்தோரைக் குறித்துவைத்துள்ளன. கந்தளாய்ப் பகுதியைச் சார்ந்த பாலமோட்டைச் சாசனம், நங்கைசானி என்னும் பிராமணப் பெண் இறந்த தன் கணவன் பொருட்டுச் செய்த அறத்தையும், அதனைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டமையையும் கூறுகின்றது. அளித்தவர், அளிக்கப்பட்ட பொருள், அதன் அளவு, அதைக் காப்பவர் என இச்செய்திகளை இன்றைய எழுதுவினைஞர் ஒருவர் நான்கு நிரல்களாகப் பகுத்துவிடுவார். சாசனம் வெட்டியோர் அவ்வாறு பகுக்கவில்லை. கல்லின் அகலம் முடியுமிடத்தில் வரியை முடித்தனர். சொல் பாதியில் நின்றாலும் அடுத்த வரியில் அதனைத் தொடர்ந்தனர்.

இம்முறையிலுள்ள நுட்பம் நோக்கற்பாலது. கல்லின் அகலம் மாறாதது. வரிகளின் தொகையோ செய்தியின் அளவைப் பொறுத்தது. அறம் சிறிதாயின் வரிகள் சில, பெரிதாயின் பல. அகலத்தை நிலையாகக் கொண்டு உயரத்தை உள்ளடக்கத்தின் பொறுப்பில் விடும் முறை இது. சொல்லை எவ்விடத்திலும் முறிக்கலாம் என்னும் வழக்கம் இருந்தமையால், வரியின் இறுதியில் வெற்றிடம் வீணாகவில்லை. எத்தனை எழுத்து, ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்று அறிந்தாற் போதும்; எத்தனை வரி என்பது எளிய வகுத்தலால் வந்துவிடும்.

இம்முறைக்கு நேர்மாறான நிகழ்ச்சியும் அதே ஊரிற் காணப்படுகின்றது. 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலைத் தகர்த்து, அதன் கற்களைக்கொண்டு 1624 இற் கோட்டை எழுப்பினர். 1639 இல் ஒல்லாந்தரும் 1795 இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். பிரெடெரிக் கோட்டை என இன்று வழங்கும் அதன் வாயிலில், இணைக்கயல் இலச்சினையுடன் குளக்கோட்டன் திருப்பணியைக் கூறும் தமிழ்ச் செய்யுட் சாசனம் காணப்படுகின்றது. அதன் வரிகள் முழுமையாக இல்லை. எஞ்சிய பகுதியைச் செவிவழி வழங்கும் பாடலைத் துணைக்கொண்டே அறிஞர் நிரப்பி வாசித்துள்ளனர். வாயிலுக்காகக் கல் பொருத்தப்பட்டதேயன்றி, கல்லில் இருந்த எழுத்துக்காக வாயில் அமைக்கப்படவில்லை. முன்னரே வரையறுக்கப்பட்ட சட்டம் ஒன்றினுள் செய்தியைப் பொருத்த முற்பட்டால், விடுபடுவது செய்தியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஓலைச்சுவடியின் இயல்பு வேறு. ஓலையின் அகலம் விரற்கடை சிலவே. ஒரு பக்கத்தில் எழுதக்கூடிய வரிகளின் எல்லையை அதுவே தீர்மானித்துவிடும். செய்தி மிகுமாயின் ஏடு மிகும். கோணேசர் கோயிற் தொழும்பாளரின் கடமைகளையும் உரிமைகளையும் தொகுத்துரைக்கும் கோணேசர் கல்வெட்டு, பெயரளவிற் கல்வெட்டாயினும், ஏட்டுவழியே பேணப்பட்ட நூலாகும். இன்னாருக்கு இன்ன தொழில் என்னும் பட்டியலை ஏடு பாட்டாகவும் உரைநடையாகவும் தாங்கியது. ஓலை கிழியாமல் இருத்தற்பொருட்டு ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. கல்வெட்டுக்களிலும் புள்ளி பல இடங்களில் விடப்பட்டிருத்தலைக் காணலாம். எழுத்துக்கு மேலே இருக்கவேண்டிய குறியை விட்டுவிட்டு, அதனை நிரப்பும் பணியை வாசிப்போனின் புலமையிடம் ஒப்படைத்த காலம் அது. வரியின் உயரத்தைச் சுருக்கியதற்குத் தமிழ் கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

கோடிட்ட அட்டவணை திருகோணமலைக்கு வந்த பாதைகளுட் கடற்பாதை முதன்மையானது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடற்படைக் கப்பல்களின் நாட்குறிப்பேடு மணி, வேகம், திசை, காற்று எனக் குறுகிய நிரல்களாகவும், இறுதியிற் குறிப்புரைக்கென ஓர் அகன்ற நிரலாகவும் பகுக்கப்பட்டிருந்தது. முதல் நிரல்களில் வருவன இலக்கங்களும் சுருக்கக் குறிகளும். அவற்றின் அளவு முன்கூட்டியே தெரியும். குறிப்புரையின் அளவோ அன்றைய நாளைப் பொறுத்தது. காற்றில்லாத நாளுக்கு ஒரு வரி போதும். 1782 செப்டெம்பர் 3 ஆம் நாள், திருகோணமலைக்கு வெளியே சஃப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்படையும் இயூசு தலைமையிலான ஆங்கிலக் கடற்படையும் பொருதிய நாளை ஒரு வரியில் அடக்குதல் இயலாது. 1942 ஏப்பிரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோதும், முந்திய இரவில் அத்துறைமுகத்தை விட்டு நீங்கிய ஏர்மிசு என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டபோதும் நிலைமை அதுவே. நாள்களின் நீளம் ஒன்றாயினும் அவற்றின் செய்தி ஒன்றன்று.

கடல்நீர் ஏற்றவற்ற அட்டவணை இச்சிக்கலை வேறொரு வகையில் தீர்க்கின்றது. திருகோணமலையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடைப்பட்ட உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. எனினும் கப்பல் செலுத்துவோருக்கு நேரமும் அளவும் வேண்டும். பெரும்பாலான நாள்களில் இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். ஆனால் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்வதால், சில நாள்களில் நான்கு நிகழ்ச்சிகளுள் ஒன்று நள்ளிரவைக் கடந்து மறுநாளில் விழும். அந்நாளுக்குரிய பதிவுகள் மூன்றே. அச்சிடுவோர் ஒவ்வொரு நாளுக்கும் நான்கு வரி இடம் ஒதுக்கி, மூன்று பதிவு உள்ள நாளில் ஒரு வரியை வெறுமையாக விடுவர். உச்ச அளவு எதுவென்று உறுதியாகத் தெரிந்தவிடத்து, எல்லா நிரைகளுக்கும் அவ்வுயரத்தையே அளிப்பது சிக்கனமான வழியாகும். உச்ச அளவு தெரியாதவிடத்து இவ்வழி பயன்படாது.

மாந்தரைப் பற்றிய பதிவுகள் இவ்விரண்டாம் வகையின. 1786 இல் ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று ஆகியவற்றினூடாகச் சென்று, ஊர்களின் நிலையைத் தம் பயணக்குறிப்பில் எழுதினார். கங்குவேலியிலுள்ள தமிழ்ச் சாசனத்தையும் அவர் கண்டு குறித்துள்ளார். உரைநடையில் எழுதியமையால் ஒவ்வோர் ஊருக்கும் வேண்டிய அளவு இடத்தை அவராற் கொடுக்க முடிந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிற் கச்சேரிப் படிவங்களும், 1871 முதல் நிகழ்ந்த குடிசன மதிப்புக்களும் ஊரை ஒரு நிரையாக்கின. ஒப்பிடுதற்கு இது பேருதவி புரிந்தது. எனினும் நிரையின் உயரம் கோட்டால் வரையறுக்கப்பட்டது. ஒரு மொழியில் வரையப்பட்ட கோடுகளுக்குள் வேறொரு மொழிக்குரியோரின் பெயரும் முகவரியும் அடங்கவேண்டியதாயிற்று. சுதந்திரத்தின் பின் 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டத்தில் இடம் கிடைத்ததன் பின்னர், படிவத்தில் இடம் தேடும் வேலை எஞ்சி நின்றது.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையைத் தாக்கியது. கிண்ணியாவும் மூதூரும் பெரும் இழப்பைக் கண்டன. மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். காணாமற் போனோர், முகாம்களிலிருப்போர், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றின் பட்டியல்கள் நாடெங்கும் பெருகியபோது, இலங்கைக் கணினித் துறையினர் சகானா என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். 2006 ஆம் ஆண்டுக்குரிய சுதந்திர மென்பொருள் அமைப்பின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. அது இணைய உலாவியில் இயங்கியது. உலாவி, அட்டவணை முழுவதையும் படித்து, ஒவ்வொரு கட்டத்தின் உள்ளடக்கத்தையும் அளந்து, நிரையின் உயரத்தைத் தானே நிர்ணயிக்கும் இயல்புடையது. ஆகவே நிரலில் நீண்ட பெயர் வந்தால் நிரை தானாகவே உயர்ந்துவிடும். நிரையின் உயரத்தைக் கணிக்கும் கவலை மென்பொருள் எழுதுவோருக்குப் பெரும்பாலும் இருக்கவில்லை.

அக்கவலை செல்லிடப்பேசியுடன் மீண்டும் வந்தது. 2008 இல் அப்பிள் நிறுவனம் ஐபோனுக்குரிய செயலிகளை எழுதும் வசதியைப் பிறருக்குத் திறந்துவிட்டது. அத்தொலைபேசியின் நினைவகம் மிகச் சிறிது. ஆயிரம் நிரைகளையும் ஒருங்கே வரைந்துவைத்தல் அதனால் இயலாது. எனவே திரையிற் காணப்படும் பத்துப் பன்னிரண்டு நிரைகள் மட்டுமே வரையப்பட்டன. மேலே மறைந்த நிரையின் சட்டத்தை எடுத்து, கீழிருந்து தோன்றும் புதிய நிரைக்குப் பயன்படுத்தும் முறை கையாளப்பட்டது. இதன் விளைவாக ஓர் இடர்ப்பாடு தோன்றியது. பட்டியலின் மொத்த நீளம் தெரிந்தாலன்றி உருட்டுப் பட்டையை வரைய முடியாது. வரையப்படாத நிரையின் உயரம் தெரிந்தாலன்றி மொத்த நீளத்தைக் கூற முடியாது. ஆகவே, நிரை தோன்றுமுன்னரே அதன் உயரத்தைக் கூறும் பொறுப்பு செயலி எழுதுவோரிடம் விடப்பட்டது. அவர் ஒன்றும் கூறாவிடின் எல்லா நிரைகளுக்கும் 44 புள்ளி உயரமே கிடைத்தது. அவ்வுயரம் ஆங்கிலத்தில் ஒரு வரிப் பெயருக்குப் பொருத்தமானது.

கணிக்கும் முறை கல்தச்சன் அறிந்த முறையே. முதலில் எழுத்துக்குக் கிடைக்கும் அகலம் காணப்படும். 320 புள்ளி அகலமுள்ள திரையில் இருபுறமும் 16 புள்ளி ஓரம் விட்டால் எஞ்சுவது 288. ஒரு தமிழ் வாக்கியத்தை ஒரே வரியில் நீட்டினால் 700 புள்ளி வருமெனக் கொண்டால், அதற்குக் குறைந்தது மூன்று வரிகள் வேண்டும். வரி ஒன்றின் உயரம் 24 ஆயின் மூன்றுக்கும் 72. மேலும் கீழும் 12 வீதம் இடைவெளி சேர்த்தால் நிரையின் உயரம் 96. ஆயினும் இக்கணக்கு முற்றுப்பெறவில்லை. இக்காலத்து உரை, சாசனத்தைப் போலச் சொல்லை எவ்விடத்திலும் முறிப்பதில்லை. சொல் முடிவிலேயே வரியை முறிக்கின்றது. தமிழோ உருபுகளும் விகுதிகளும் ஒட்டி நீளும் சொற்களையுடையது. வரியின் இறுதியில் நீண்ட சொல் அடங்காவிடின் அது முழுவதாக அடுத்த வரிக்குச் சென்றுவிடும். முந்திய வரியில் வெற்றிடம் எஞ்சும். மூன்று வரி என்று கணிக்கப்பட்டது நான்கு வரியாகலாம். எனவே வகுத்தல் போதாது. உரையை உண்மையாகவே வரிவரியாக அடுக்கிப் பார்த்தே உயரத்தைக் காணவேண்டும்.

எழுத்துக்களை எண்ணி உயரத்தை ஊகித்தலும் தமிழிற் பொருந்தாது. திருகோணமலை என்னும் பெயரில் ஆறு எழுத்துக்கள் உள்ளன. கணினி அதனை உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணிப் பத்துக் குறியீடுகளாகச் சேமிக்கின்றது. கிண்ணியா நான்கு எழுத்து, குறியீடுகள் எட்டு. தம்பலகாமம் ஏழு எழுத்து, குறியீடுகள் பத்து. இவ்விரு தொகைகளுக்குமிடையே நிலையான விகிதம் இல்லை. இரண்டுமே பெயரின் உண்மையான அகலத்தைக் காட்டுவனவும் அல்ல. அகலம் எழுத்துருவைப் பொறுத்தது. இலத்தீன் எழுத்துருவின் அளவைக்கொண்டு வரியின் உயரம் நிர்ணயிக்கப்படின், தமிழ் எழுத்தின் மேல்விலங்கோ கீழ்ச்சுற்றோ வெட்டுண்ண நேரும். மின் என்பதற்கும் மீன் என்பதற்கும் உள்ள வேறுபாடு எழுத்தின் உச்சியிலுள்ள சிறு சுழியே. மீன்பிடித் துறைமுகத்தில் அச்சுழி வெட்டுண்டால் நேரக்கூடிய மயக்கம் சொல்லாமலே விளங்கும். ஓலையில் விடப்பட்ட புள்ளியைப் புலமை நிரப்பியது. திரையில் வெட்டுண்ட குறியை நிரப்பும் பொறுப்பை எல்லா வாசகர்மீதும் சுமத்துதல் நியாயமாகாது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. இடம் போதாதவிடத்து உரையின் இறுதியை நீக்கி மூன்று புள்ளியிடுதல் செயலிகளின் பொது வழக்கம். ஆங்கில வாக்கியத்தில் மறுப்பு பெரும்பாலும் முன்னரே வந்துவிடும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் நிற்கும். மறுப்பும் அதனுடனேயே நிற்கும். சிங்களத்தின் இயல்பும் இதுவே. தம்பலகாமத்துக்கு இன்று மாலை குடிநீர் விநியோகம் நடைபெறும் என்பதும், நடைபெறமாட்டாது என்பதும் கடைசிச் சொல்லினாலேயே வேறுபடுகின்றன. இறுதி நீங்கிய நிரையில் இரண்டும் ஒன்றே. பெயர்களிலும் அவ்வாறே. தமிழ் வழக்கில் தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் வரும். இறுதி வெட்டப்பட்ட பட்டியலில் உடன்பிறந்தார் மூவர் ஒரே பெயரினராகத் தோன்றுவர். நிவாரணப் பட்டியலிலும் காணாமற் போனோர் பட்டியலிலும் இத்தகைய மயக்கம் அழகியற் குறைபாடன்று. ஆளை ஆள் என்று அறியும் உரிமை சார்ந்தது.

தொழில்நுட்பம் இக்குறையைப் படிப்படியாகவே உணர்ந்தது. 2012 இல் உறுப்புக்களின் இடைவெளித் தொடர்புகளைக் கூறி, அளவைக் கருவியே கணிக்கச் செய்யும் முறை ஐபோனுக்கு வந்தது. 2013 இல், பார்வை குன்றியோர் எழுத்தின் அளவைத் தாமே பெருப்பிக்கும் வசதியும், நிரையின் உயரத்தை முதலில் தோராயமாகக் கொண்டு, நிரை தோன்றும்போது திருத்திக்கொள்ளும் முறையும் சேர்ந்தன. 2014 இல், மேல் விளிம்பு முதல் கீழ் விளிம்பு வரை தொடர்புகள் முறையாகக் கூறப்பட்டிருப்பின், உள்ளடக்கமே நிரையின் உயரத்தைத் தீர்மானிக்கும் நிலை ஏற்பட்டது. அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் நிரை தோன்றும்போதே அளக்கப்பட்டமையால் இடர் சற்றுக் குறைவு. எனினும் அங்கும் உருட்டுப் பட்டையின் நிலை ஊகத்தின்பாற்பட்டதே. ஊகம் பெரிதும் தவறினால் பட்டியல் துள்ளும். வாசிப்போன் தான் நின்ற இடத்தை இழப்பான். ஆகவே ஒருமுறை அளந்த உயரத்தைப் பேணிவைத்தலும், திரை திருப்பப்பட்டாலோ எழுத்தளவு மாற்றப்பட்டாலோ அதனைக் கைவிட்டு மீண்டும் அளத்தலும் நல்ல வழக்கங்களாகக் கொள்ளப்படுகின்றன.

ஆயினும் கருவி வசதியளித்ததனாலேயே குறை தீர்ந்துவிடவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் வடிவமைத்துச் சரிபார்த்து, பின்னர் தமிழையும் சிங்களத்தையும் அதே சட்டத்திற் புகுத்துவோர், உயரத்தை நிலையாக வைக்கும் பழைய வழியை இன்றும் தேர்ந்துகொள்ளலாம். அவ்வாறு செய்யின், கோட்டை வாயிலுக்காகச் சாசனக் கல்லைப் பொருத்தியவர் செய்ததையே அவர்களும் செய்தவராவர். மூன்று மொழிகளுள் எதற்கு இடம் மிக வேண்டுமோ அம்மொழியில் முதலில் நிரப்பிப் பார்த்தல், பெருப்பித்த எழுத்தளவிலும் பார்த்தல், இறுதிச் சொல் தெரிகின்றதா என நோக்குதல் ஆகிய மூன்றும் செலவு மிகுந்தவையல்ல. கணினி பயிலும் மாணவரும் மொழி பயிலும் மாணவரும் கூடிச் செய்யத்தக்க பணி இது. வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்குமென்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். அவ்வறிவு செயலியை வடிவமைப்போரைச் சென்றடையுமாயின், குடிநீர் வருமா வராதா என்பதைத் தம்பலகாமத்து உழவரும் மூதூர் மீனவரும் தத்தம் மொழியில் இறுதிச் சொல்வரை வாசித்தறிவர்.